துணிக்குப் பின்னால் இருந்த கை

எரிமலையும் மழைநீர்ச் சேகரிப்பும் மற்ற வகுப்பாருக்குப் போய்விட்டன. அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் மூவரும் விழித்தபோது, எங்களில் ஒருத்தியின் மாமா கைகொடுத்தார். பொன்மலை டீசல் எஞ்சின் பணிமனையில் இருப்பவர் அவர். ‘டர்போ’வைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்றைத் தந்தார்.

எஞ்சின் கழிக்கும் புகை வீணாகாமல் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலும் கூடுதலாக எரியும், வலுவும் ஏறும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றாராம். கேட்டதும் எங்களுக்கு ஒரே உற்சாகம்!

கரியடுப்பையே எஞ்சினாக வைத்துக்கொண்டோம். காற்றூதும் சக்கரத்திற்கு எங்கே போவது? எங்கள் வகுப்பில் நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி உண்டு. மின்சாரம் நின்றுபோனால் உலைக்கு ஊதும் கைச்சக்கரம் அவள் வீட்டில் இருந்தது. அவள் உடையில் கரிவாசம் வீசுகிறதென்று முன்பெல்லாம் சிரித்தவர்களும் நாங்களே. இதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவளோ மறுபேச்சின்றிச் சக்கரத்தைக் கொண்டுவந்து, பழைய சைக்கிள் சங்கிலியையும் ஃப்ரீவீலையும் அதில் பொருத்தியும் கொடுத்தாள்.

ஆனால் அடுப்பு சதி செய்தது. காற்றில்லாமல் தீ வளரவில்லை. தீ வளராமல் புகைக்கு வேகமில்லை. புகைக்கு வேகமில்லாமல் சக்கரம் அசையவில்லை! கண்ணீர் வழிந்ததுதான் மிச்சம். மறுநாள் கண்காட்சி. மேசையைச் சுற்றித் துணி கட்டினோம். உள்ளே அமர்ந்து அவள் சுற்றுவது, புகைதான் சுற்றுகிறதென்று வெளியே நாங்கள் சொல்வது. இதுவே ஏற்பாடு.

“பொய் இல்லையா?” என்றாள்.

“ஒருநாள்தானே!” என்றோம்.

நடுவர் வந்து நின்ற நேரம் பார்த்து, நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி துணியைத் தூக்கினாள். “உள்ளே ஒரு அக்கா சுத்துறாங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. நாங்கள் தரையைப் பார்த்தோம். அவள் மட்டும் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். மாமாவின் குறிப்பை நாங்கள் முதல் பக்கத்தோடு விட்டிருந்தோம். அவள் முழுவதும் படித்திருந்தாள்.

“ஐயா, 1999-ல் நம் நாட்டுக்கு வந்த டபிள்யூ.டி.ஜி.4 ரயில் எஞ்சின் 4000 குதிரைத்திறன் உள்ளது. அது இரண்டு வீச்சு எஞ்சின். தானாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளாது. அதனால் கிளம்பும்போது எஞ்சினே பல்சக்கரங்கள் வழியாக டர்போவைச் சுற்றுகிறது. புகைக்கு வேகம் வந்ததும் டர்போ முந்திக்கொள்ளும். நடுவிலுள்ள கிளட்ச் பிடியை விட்டுவிடும். மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடுகிறதே, அப்படி. எங்கள் அடுப்பில் புகை இன்னும் முந்தவில்லை. அதனால் கையால் சுற்றுகிறேன்.”

நடுவர் ஃப்ரீவீலைக் குனிந்து பார்த்தார். அவளிடம் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பரிசு ஏழாம் வகுப்பின் எரிமலைக்குப் போயிற்று. சிஸ்டர் துணியை அவிழ்க்கச் சொல்லி, மாலைவரை எங்கள் மூவரையும் முறைவைத்துச் சுற்றவைத்தார். பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. மின்தடை நாளில் எவ்வளவு நேரம் சுற்றுவாய் என்று அவளைக் கேட்டோம்.

“பித்தளை உருகும்வரை” என்றாள்.