கூட்டினேன், பூஜ்யம் வந்தது!

புனேயில் எங்கள் விடுதி வாட்ச்மேன் காகாவின் பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் கணக்கு 99999-ஐத் தாண்டி 00000 ஆயிற்று. "வண்டி புதிதாகிவிட்டது!" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். நானும் சிரித்தேன். மறுவாரமே அந்தக் கூத்து என்னுடைய நிரலிலும் நடந்தது!

பயிற்சிக்காக நான் எழுதிவந்த சிறு இயக்குதளம், விழித்தெழுந்ததும் நினைவகத்தில் தொடக்கூடாத இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சியில், 4294705152-ஆம் முகவரி முதல் 262144 பைட்டுகள் அத்தகையவை. கணிப்பொறியைத் துயிலெழுப்பும் நிரல் அங்கே குடியிருக்கிறது. தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டினேன். விடை 4294967296. ஆனால் 32 பிட்டுகளில் அடங்கும் பேரெண் 4294967295 தானே! ஆகவே பூஜ்யம். முடிவு தொடக்கத்துக்கு முன்னே போய் நின்றுகொண்டது, ஓரிடமும் குறிக்கப்படவில்லை. காலியிடம் என நம்பி அங்கே எழுதியதெல்லாம் காற்றோடு போயிற்று. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. இரண்டு இரவுகள் இயந்திரத்தையே பழித்தேன், பாவம்!

பிறகு நீளத்தில் ஒன்றைக் குறைத்துக் கூட்டி, கடைசி முகவரியையே எல்லையாக்கினேன். அதுவும் ஏமாற்றியது: கடைசிப் பக்கத்தைத் தாண்டியதும் முகவரி மீண்டும் பூஜ்யமாகி, செக்குமாடுபோல் ஓயாமல் சுற்றிற்று. முடிவில் முகவரியை விட்டுப் பக்கங்களை எண்ணினேன். பக்கத்துக்கு 4096 பைட்டு. ஆக 64 பக்கம். அறுபத்துநாலையும் குறித்துவிட்டு நின்றது.

காகாவிடம் கதையைச் சொன்னேன். "உன் வண்டியும் புதிதாயிற்றா?" என்றார்.