பீடிக்கட்டு மேல ஒரு படம்

சைக்காலஜி தெரிந்து போட்ட சட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் பீடிக்கட்டைக் காட்டுவேன். ஆலங்குளத்துக்காரனுக்கு வேறு எது ஞாபகம் வரும்? மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் இல்லாத தெரு இங்கே அபூர்வம்.

புகையிலைப் பொருட்களின் மேல் எச்சரிக்கைப் படம் இந்தியாவில் கட்டாயமானது 2009 மே 31-ல். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியுமே! புகைக்கிறவருக்கு நுரையீரல் படம், மெல்லுகிற புகையிலைக்குத் தேள் படம். (தேளைப் பார்த்தால் வாய்ப்புற்றுநோய் ஞாபகம் வருமா, யார் யோசனையோ!) 2016 ஏப்ரலில் இருந்து உறையில் 85 சதவீதம் எச்சரிக்கைக்குப் போனது. எச்சரிக்கையைப் பார்த்து 'விட்டுவிடலாமா' என்று நினைத்த பீடிக்காரர்கள் 2009-10 அரசு சர்வேயில் 29 சதவீதம், 2016-17-ல் 54 சதவீதம்.

சரி, நினைத்தால் போதுமா? 1965-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லெவந்தாலும் அவர் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களிடம் டெட்டனஸ் பற்றிய கையேடு கொடுத்தார்கள். சிலருக்குக் கொடூரமான விவரங்களோடு, சிலருக்கு சாதாரணமாக. நன்றாகப் பயந்தவர்கள் 'ஊசி போடணும்' என்று சொன்னார்கள், ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சொற்பம். ஊசி போடும் இடத்துக்கு மேப் கொடுத்து, எப்போது போவாய் என்றும் யோசிக்க வைத்தவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். மற்றவர்களில் 3 சதவீதம்தான்! வழி தெரியாத பயம் வெறும் பயம். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பிடிச்சாருல்லா" என்று மனசு தப்பித்துவிடும்.

அந்த மேப் நம்மூர் உறைக்கு வர 2018 செப்டம்பர் ஆனது. 'இன்றே விடுங்கள், 1800-11-2356' என்று இலவச ஆலோசனை எண்ணும் அச்சாக ஆரம்பித்தது. என்னைக் கேட்டால் நுரையீரல் படத்தைவிட இந்த நம்பர்தான் பெரிய விஷயம்.

ஆனால் பெட்டிக்கடையில் "ரெண்டு பீடி குடுங்க அண்ணாச்சி" என்று உதிரியாக வாங்குகிறவர் கைக்கு படமும் வராது, நம்பரும் வராது. மகாராஷ்டிரா 2020-ல் உதிரி விற்பனையைத் தடை செய்தது. இங்கேயும் செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் சத்தமாகச் சொல்ல யோசனையாக இருக்கிறது. விற்பனை குறைந்தால் முதலில் அடி விழுவது ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சித்திமார்களுக்கு. வேறு வேலைக்கு எந்த நம்பருக்குக் கூப்பிட என்று அவர்கள் கேட்டால்?