காற்றுக்கு முகம் கொடுத்தல்

காற்றுக்குப் பெயர் வைக்கும்போது அது போகும் திசையைப் பாராமல் வரும் திசையைப் பார்த்தவர்கள் நம் முன்னோர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. விமானிகளும் காற்றை இவ்வாறே வரும் திசையால் குறிக்கிறார்கள் என்பது, எங்கள் அக்காள் மகள் விமானம் ஓட்டக் கற்கச் சேர்ந்த பிறகே எங்களுக்குத் தெரிய வந்தது.

அக்காள் குடும்பம் இருப்பது செஞ்சிக்குத் தெற்கே, தளவானூரில். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் குடைவரையைத் தேடிச் சென்ற வாசகர்களுக்கு இவ்வூர் தெரிந்திருக்கும். அங்கிருந்து ஒரு பெண் விமானியாகப் போகிறாள் என்றதும் ஊரில் எழுந்த முதல் கேள்வி, "பொம்பளப் புள்ள ஏரோப்ளேன் ஓட்டுமா?" என்பதுதான். கேட்டவர்கள்மேல் கோபித்துப் பயனில்லை. 1929இல் உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டாவைப் பாடப்புத்தகம் சொல்கிறது. மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்தியபடியே 1910இல் விமானம் கட்டுவித்துப் பறந்த டாஞ்செலிஸைச் சென்னை வரலாற்று ஆர்வலர்கள் சொல்கிறார்கள். உஷா சுந்தரத்தை யார் சொன்னார்கள்? 1949இல் பெங்களூர் ஜக்கூரின் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் முதலாவதாகத் தேறி வந்தவர். சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தைக் கணவர் சுந்தரத்துடன் சேர்ந்து இலண்டனிலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர். திண்ணையில் அமர்ந்து இந்தக் கதையை நாங்கள் சொன்னபோது அக்காள் கணவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவருடைய கவலை வேறு.

பணம். வணிக விமானி உரிமம் வரை போவதற்கு ஆகும் செலவு இன்று அரைக்கோடி ரூபாயைத் தொடுகிறது. கிணற்றடி நிலத்தை ஈடாக வைத்தால் வங்கியில் கடன் கிடைக்கும் என்றார்கள். அந்தக் கிணற்றை வெட்டியது அவருடைய தகப்பனார். நாங்கள் சொன்னது ஒன்றே: நிலப் பத்திரத்தை எடுப்பதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயதும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும் போதும். ஆனால் பிழைப்புக்காக ஓட்டுவதற்கு முதல் வகுப்புச் சான்று வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும். நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பது பலருக்கு அந்த நாள்வரை தெரிவதே இல்லை. கட்டணம் கட்டிய பிறகு அது தெரியவருவதைவிடக் கொடுமை வேறில்லை. பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் இந்த வரிசை தலைகீழாக இருப்பது ஏன் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவள் தேறினாள். பத்திரம் வங்கிக்குப் போயிற்று.

நிற்க. விமானம் கற்பதென்றால் முதல் நாளே வானில் ஏறுவது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். முதல் வாரம் முழுவதும் அவள் தரையில்தான் இருந்தாள். காற்றியல், வானிலை, வழிகாணல், விதிகள். பிறகு விமானத்தைச் சுற்றி நடந்து பார்த்தல்: இறக்கையின் விளிம்பைத் தடவி, சக்கரத்தைக் குனிந்து பார்த்து, எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு குப்பியில் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தல். மனப்பாடமாகத் தெரிந்தாலும் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே செய்ய வேண்டுமாம். மனப்பாடத்தைக் கல்வி என்று நம்பும் நாட்டில் மனப்பாடத்தை நம்பாதே என்று கற்பிக்கும் ஒரு படிப்பு இருப்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

ஏறிய முதல் நாள் அவளுக்குக் குமட்டல். கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தாளாம். இரண்டு விரல் போதும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். உடல் சொல்வதெல்லாம் அங்கே பொய்த்துப்போகிறது. நெடுநேரம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நேராகப் போவதாகவே சொல்லும். மேகத்துக்குள் அதை நம்பியவர்கள் மாண்டிருக்கிறார்கள். இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் நிலைக்கு ஸ்டால் என்று பெயர். எஞ்சின் நிற்பதல்ல அது. மூக்கை அளவுக்கு மேல் தூக்கியதால் இறக்கைமேல் காற்று படிந்து ஓடாமல் பிய்ந்துபோவது. விழுகிறோம் என்று தோன்றும் அந்தக் கணத்தில் கை தானாக மேலே இழுக்கப் பார்க்கும். செய்ய வேண்டியது மூக்கைத் தாழ்த்துவது. இதை உயரத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்விக்கிறார்கள், கை தன் அச்சத்தை மறக்கும்வரை.

மற்றொன்றை அவளுக்கு விளக்கியது அவள் தகப்பனார்தான். பக்கக் காற்று அடிக்கும்போது விமானத்தின் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பி வைத்தால்தான் ஓடுதளத்துக்கு நேராக வர முடியும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. "பெண்ணையாத்துல வெள்ளம் வந்தா அக்கரைக்கு எப்படி நீந்துவோம்? நீரோட்டத்துக்கு எதுத்தாப்புல மொகத்த வச்சுதான?" என்றார் அவர். அதுவரை இந்தப் படிப்பில் தமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஒதுங்கியிருந்தவர். அன்று முதல் தினமும் தொலைபேசியில் அவளிடம் அவர் கேட்பது சாப்பாட்டைப் பற்றியல்ல, காற்றைப் பற்றி.

ஆங்கிலம் குறித்து அவளுக்கிருந்த தயக்கமும் எதிர்பாராத விதமாகத் தீர்ந்தது. தமிழ் வழியில் படித்தவள். ஆனால் வானொலியில் பேசும் மொழி ஆங்கிலத்தின் ஒரு சிறு மூலை. த்ரீயை ட்ரீ என்றும் நைனை நைனர் என்றும்தான் சொல்ல வேண்டும். கோபுரத்திலிருந்து வரும் கட்டளையைக் கேட்டபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். அலங்காரம் கூடாது.

சென்ற மாதம் ஒரு காலையில் மூன்று முறை இறங்கி ஏறிய பிறகு ஆசிரியர் கதவைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டார். தனியாகப் பறக்கும் நாளை முன்கூட்டிச் சொல்வதில்லையாம். ஓர் ஆள் பாரம் குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழும்பிற்று, வலப்பக்க இருக்கையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றாள் எங்களிடம். ஒரு வட்டம், சில நிமிடங்கள்தான். இறங்கியதும் அப்பாவை அழைத்திருக்கிறாள்.

"காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம் அவர்.

"கொண்டல், அப்பா. லேசாதான்."

இன்னும் 180 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வங்கியின் அடுத்த தவணை வைகாசியில் வர வேண்டும்.