கார்னர்ல நிக்கறவனுக்கு யார் விசில் அடிப்பா?

கபடி மேட்ச்சுக்குப் போனா நாம யாரைப் பார்ப்போம்? சந்தேகமே இல்லாம ரைடரைத்தான்! அவர் தொடையைத் தட்டிட்டு நடுக்கோட்டைத் தாண்டும்போதே விசில் பறக்கும். ஓரத்துல சத்தமே இல்லாம குனிஞ்சு நிக்கிற கார்னரை அந்த 30 செகண்டும் யாரும் கண்டுக்க மாட்டோம். ரைடரோட கணுக்கால் அவர் கையில சிக்கின பிறகுதான், 'அட, யாருப்பா இது?'ன்னு கேட்போம்.

எங்க காலேஜ் டீமோட லெஃப்ட் கார்னர் என் கிளாஸ்மேட். நான் திருவொற்றியூர், அவன் எர்ணாவூர். பொங்கலுக்குப் பொங்கல் நடக்கிற டோர்னமென்ட்டுல, டியூப்லைட் வெளிச்சத்துல மண்ணுல புரண்டு வளர்ந்தவன். போன மாசம் பஸ்ல வரும்போது திடீர்னு கேட்டான்... 'மச்சி, உண்மையைச் சொல்லு. நான் ப்ரோ கபடிக்குத் தேறுவேனா?'

அவன் விளையாட்டுக்குக் கேட்கலை. அவங்க அப்பா ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் தொழிலாளி. தங்கச்சி பிளஸ் டூ. எங்களுக்குச் சீக்கிரமே பிளேஸ்மென்ட் சீசன். ஆப்டிட்யூட் கிளாஸுக்குப் போறதா, பிராக்டீஸுக்குப் போறதா? ரெண்டுக்கும் சேர்த்து அவன்கிட்ட இருக்கறது ஒரே ஒரு சாயங்காலம்! சரின்னு நோட்டும் பேனாவுமா நாலு மேட்ச்சுக்கு கேலரியில உட்கார்ந்தேன்.

முதல் சிக்கலே, எதை எண்றதுங்கறதுதான். ரைடர் கணக்கு ஈஸி. தொட்டா பாயின்ட். கார்னருக்கு, பிடிச்சா மட்டும்தான் ஸ்கோர் ஷீட்ல பேர் வரும். அவனுக்குப் பயந்து ரைடர் அந்தப் பக்கமே போகாம சும்மா திரும்பினா, அது யார் கணக்குலயும் ஏறாது. ஆனா அப்படி ரெண்டு தடவை சும்மா திரும்பினா, மூணாவது ரைடு 'டூ ஆர் டை'. பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லைன்னா அவுட். அந்த நெருக்கடியை உருவாக்கினதுல கார்னருக்குப் பெரிய பங்கு இருக்கு!

அமெரிக்கன் ஃபுட்பால்லயும் இதே கதைதான். அங்கே 'அஃபென்சிவ் டாக்கிள்'னு ஒரு மலை மனுஷன் இருப்பார். பந்தை வீசுற குவாட்டர்பேக் மேல எதிராளி பாயாம தடுக்கறதுதான் அவர் வேலை. பாயின்ட்டும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. அதனால காலேஜ்ல இருந்து என்.எஃப்.எல்-லுக்கு ஆள் எடுக்கறவங்க, அவர் கை நீளத்தை அளப்பாங்க, கால் எப்படி நகருதுன்னு வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்ப்பாங்க. நானும் ஸ்கோரை ஓரம் கட்டிட்டு என் ஆளோட காலைப் பார்க்க ஆரம்பிச்சேன்.

பிளஸ்: பொறுமை. ரைடர் காலை நீட்டி ஆசை காட்டினாலும் முந்திக்கிட்டுப் பாய மாட்டான். காலேஜ் லெவல்ல பாதி டிஃபெண்டர்கள் அவுட் ஆகறதே இந்த அவசரத்துலதான். ரைடரோட வெயிட் எந்தக் கால்ல இறங்குதோ, அந்தக் கணுக்காலைத்தான் இவன் பிடிக்கிறான். இதைச் சொல்லிக்கொடுத்து வரவைக்கிறது கஷ்டம்.

மைனஸ்: பக்கத்துல நிக்கிற கவரோட இவனுக்குப் பேச்சே இல்லை. இவன் காலைப் பிடிச்சா, அதே நொடியில கவர் வந்து இடுப்பைக் கட்டணும். லேட்டானா ரைடர் ரெண்டு பேரையும் இழுத்துட்டு கோட்டைத் தொட்டுடுவார். ரெண்டாவது, மேட். மண்ணுல வெறுங்காலோட ஆடினவன், மேட்ல ஷூ போட்டதும் திரும்பறதுக்கு அரை நொடி கூட எடுத்துக்கறான். மூணாவது, உடம்பு. ஆண்கள் கபடியில 85 கிலோ வரைக்கும் அனுமதி உண்டு. இவன் ஒல்லி. பெரிய ரைடர் ஒருத்தர் உதறினா கை விட்டுப் போகுது.

'கார்னருக்கெல்லாம் யாருப்பா காசு கொடுப்பா?'ன்னு நினைக்காதீங்க. 2018 ஏலத்துல ப்ரோ கபடியோட முதல் ஒரு கோடி ரூபாய் வீரர் ஆனது எந்த ரைடரும் இல்லை. ஈரான் நாட்டு லெஃப்ட் கார்னர் ஃபசல் அட்ராச்சலி! நம்ம தர்மராஜ் சேரலாதனையும் மறக்க முடியுமா? 1975-ல பிறந்தவர். 2016-ல பாட்னா பைரேட்ஸுக்கு கேப்டனா இருந்து கோப்பையைத் தூக்கினப்போ வயசு 41. அவரும் டிஃபெண்டர்தான். வேகத்தை மட்டும் நம்புற ரைடருக்கு வயசு ஏற ஏறக் கஷ்டம். நேரம் பார்த்துப் பிடிக்கிறவனுக்கு அனுபவம் கூடக் கூட பலம்!

ஆனா சேரலாதன் கதையில இன்னொரு பாதியும் இருக்கு. ப்ரோ கபடி ஆரம்பிச்சதே 2014-லதான். அப்போ அவருக்கு வயசு 39. அதாவது, லீக், ஏலம், டி.வி. எதுவுமே இல்லாத காலத்துலயும் அவர் ஆடிக்கிட்டேதான் இருந்தார்.

இதையெல்லாம் எழுதி அவன்கிட்ட நீட்டினேன். தீர்ப்பு இதுதான்: 'இந்த வருஷம் தேற மாட்டே. கண்ணும் பொறுமையும் ப்ரோ லெவல். உடம்பும் மேட் பழக்கமும் இன்னும் காலேஜ் லெவல். ரெண்டையும் சரி பண்ண ரெண்டு வருஷம் ஆகும். அந்த ரெண்டு வருஷத்துக்கு வீட்டுக்கு நீ என்ன பதில் சொல்லப் போறே?'

வழி இல்லாம இல்லை. ரயில்வேயில ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கு. ஆனா அதுக்கெல்லாம் பெரிய போட்டிகள்ல ஆடின சர்டிஃபிகேட் வேணும். அதனால முதல் குறி ஏலம் இல்லை, யுனிவர்சிட்டி டீம்.

அவன் ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துட்டு இருந்தான். அப்புறம், 'வீட்ல ஒரு வருஷம் கேட்டுப் பார்க்கறேன் மச்சி. ரெண்டு கேட்டா தாங்க மாட்டாங்க'ன்னான். இப்போ காலையில அஞ்சு மணிக்கு மேட் பிராக்டீஸ், சாயங்காலம் ஆப்டிட்யூட் கிளாஸ். கவர் பையனையும் கையோட இழுத்துட்டுப் போறான்.

உங்க காலேஜ் டீம்லயும் இப்படி ஒரு கார்னர் இருப்பான் ஃப்ரெண்ட்ஸ். அடுத்த மேட்ச்சுல ரைடரைக் கொஞ்சம் விட்டுட்டு அவனைப் பாருங்க. ரைடர் வெறுங்கையோட திரும்பிப் போறப்போ, அவனுக்கும் ஒரு விசில் அடிங்களேன்!