முதலிடம் யாருக்கு?

கடவுளுக்கே முதலிடம் என்று சொல்லுதல் எளிது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலே மின்விசிறியின் கீழ் அமர்ந்து, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுவோர்க்கு மிகவும் எளிது. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறு சொல்லி வந்தவர்களே. அம்பாங்கானை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம், விடியற்காலைப் பெரட்டுக்குமுன் முழந்தாளிட்டுச் செபிக்காமல் ஆபீசுக் கதவைத் திறந்ததில்லை. பெருமைக்காக இதனைச் சொல்லவில்லை. பெருமை எவ்விடத்தில் நம்மைக் கவிழ்த்தது என்பதைச் சொல்லவேண்டியே சொல்லுகிறோம்.

நமது தகப்பனார் பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்ததைத் தம் கண்ணாலேயே கண்டவர். தம் மூத்த மகன் வாளியும் உளியும் தூக்கலாகாது என்று உறுதிகொண்டு, நகரத்தில் ஆங்கிலத்தில் பாடஞ்சொல்லும் ஒரு தனியார் பள்ளியில் நம்மைச் சேர்த்தார். அதற்காக வளர்த்த மாடுகள் விலைபோயின; அம்மாவின் தாலிக்கொடியும் அடகுக்கடையைக் கண்டது. இன்று நாம் நாற்காலியில் அமர்ந்து செக்ரோல் எழுதுவது அந்த மாடுகளின் புண்ணியம் என்க.

இருபத்தைந்தாம் வயதில் நாம் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டோம். தகப்பனார் தோட்டத்து மாரியம்மனை விட்டவரல்லர். ஆயினும் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "நல்லதுதானே சொல்றாங்க, போய்ட்டு வா" என்றார். அவ்வளவே.

2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் காலமானார். அவ்வாண்டு மே மாதம் 15-ஆம் நாள்தான் தேவசகாயம் பிள்ளைக்கு ரோமாபுரியில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவர் கத்தோலிக்கர், நாம் வேறு சபையினர். எனினும் தமிழ்ப் பேசும் கிறிஸ்தவர் எவருக்கும் அவர் அயலார் ஆவரோ? அச்செய்தி வந்தநாள் முதல் அவர் சரித்திரத்தைத் தேடித்தேடிப் படித்தோம்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரசாங்கத்தில் உத்தியோகம் வகித்தவர். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அம்மன்னருக்கே படைத்தலைவனான டச்சுக்காரன் டிலனாய் என்பான், மனத்துயரில் இருந்த அவருக்கு யோபின் கதையைச் சொன்னான். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 1749-இல் பிடிக்கப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு செல்லப்பட்டார். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுற்றமும் குலமும் பதவியும் ஒருபுறம், விசுவாசம் மறுபுறம் என்று வந்தபோது அவர் எதனைத் தெரிந்துகொண்டார் என்பதைக் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்திலுள்ள அவர் கல்லறை இன்றும் சொல்லும்.

இச்சரித்திரம் நெஞ்சில் நிறைந்திருந்த வேளையில்தான் தகப்பனாரின் சாவு வந்தது.

மூத்த மகன் தலை மழிக்கவேண்டும், நீர்க்குடம் சுமந்து மும்முறை சுற்றவேண்டும், கொள்ளி வைக்கவேண்டும். நாம் மறுத்தோம். மறுத்ததற்காக இன்றும் வருந்தவில்லை. நம்பாத சடங்கை நம்பினவன்போல் நடித்துச் செய்வது இறந்தவரையும் ஏய்ப்பது, கடவுளையும் ஏய்ப்பது. இப்பத்திரிகையின் வாசகரிற் பலரும் வேறு காரணத்தால் இதனை ஒப்புவர். தம்பி முன்வந்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளை. குடத்தின் பாரத்தில் தோள் நடுங்கிற்று.

அப்பொழுது அம்மா வாசலுக்கு வந்தார். சுற்றத்தார் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில், "நீ ஒண்ணும் செய்ய வேணாம் ஐயா. அப்பா பக்கத்துல வந்து நில்லு, அது போதும்" என்றார்.

நாம் போகவில்லை. கேட்டருகே, வடிகால் ஓரத்தில், வேதப்புத்தகத்தைக் கையிற் பிடித்தபடி நின்றோம். சபையைச் சேர்ந்த மூவர் துக்கம் விசாரிக்க வந்து எதிர்ப்புறத்தில் நின்றிருந்தனர். அவர்கள் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. நாமேதான் அவர்கள் கண்களை அளந்துகொண்டிருந்தோம். தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்று விடைகேட்டவனுக்கு இயேசுநாதர் இடங்கொடாத வரலாற்றை மனத்துள் உருப்போட்டபடி, தேவசகாயம் பிள்ளையின் அடிச்சுவட்டில் நிற்பதாகவே எண்ணிக்கொண்டோம். சவ ஊர்தி நம்மைக் கடந்து சென்றது.

எவ்வளவு பெரிய மயக்கம்! அரசன் அப்பெரியாரிடம் கேட்டது கிறிஸ்துவை விட்டுவிடு என்பது. நமது தாய் நம்மிடம் கேட்டது பக்கத்தில் நில் என்பது. முன்னதை மறுத்தவர்க்குக் கிடைத்தது விலங்கும் எருமையும் குண்டும். பின்னதை மறுத்த நமக்கு அடுத்த ஞாயிறு ஆலயத்தில் கைகுலுக்கல்கள் கிடைத்தன. அவர் உத்தியோகம் போயிற்று. நமது உத்தியோகத்தில் ஒரு நாட்சம்பளமும் குறையவில்லை. நாம் செலுத்தியதாக நினைத்த காணிக்கை முழுவதும் அம்மாவின் கையிருப்பிலிருந்து எடுத்தது.

அவர் மனைவியும் துன்புறவில்லையா என்று நமக்குள்ளேயே வழக்காடிப் பார்த்தோம். துன்புற்றார்தான். ஆனால் பார்கவி என்ற அவ்வம்மையாரும் ஞானப்பூ என்று பெயர்பெற்றுத் தாமே அவ்வழியில் வந்தவர். கணவர் மறைந்தபின் 1766-இல் வடக்கன்குளத்தில் உயிர் நீத்தார். அவர் சுமந்தது தாம் ஏற்ற சுமை. அம்மா ஏற்காத சுமையை அவர் தலையில் வைத்தவர் நாம்.

அதன்பின் வேதத்தை மீண்டும் புரட்டினோம். பெற்றோர்க்கு உதவவேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைவிரித்தவர்களை இயேசுநாதர் எவ்வளவு கடிந்தார் என்பது மாற்குவில் இருக்கிறது. எத்தனை முறை அதனைப் படித்துப் பரிசேயரை ஏளனம் செய்திருப்போம்! சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயைச் சீடனிடம் ஒப்புவித்தார். எலியா அழைத்தபோது எலிசா, தாய் தந்தையரை முத்தமிட்டு வர விடைகேட்டான், தீர்க்கதரிசி தடுக்கவில்லை. அவன் திரும்பிப்போய் மாடுகளை அடித்து ஊருக்கு உணவிட்டபின் புறப்பட்டான். அடக்கத்துக்கு விடைகேட்டவனின் தகப்பன் அப்போது இறந்துகிடக்கவில்லை, தகப்பன் காலம் முடியட்டும் என்று நாட்கடத்தவே அவன் பார்த்தான் என்று உரைகாரர் சிலர் எழுதியுள்ளனர். அது சரியோ, நாம் அறியோம். எவ்வாறாயினும் நம்மை யாரும் அன்று எங்கும் ஊழியத்துக்கு அழைக்கவில்லை. கேட்டருகே நிற்கும்படி அழைக்கவுமில்லை. அன்று நாம் முதலிடம் கொடுத்தது எதிர்ப்புறத்தில் நின்ற மூவருக்கே.

அம்மா இதுவரை அதைப்பற்றிப் பேசியதில்லை. ஒருமுறையேனும் ஏசியிருந்தால் நமக்கு இலகுவாயிருந்திருக்கும்.

தகப்பனாரின் சாம்பல் போர்ட்டிக்சன் கடலிற் கரைந்தது. ஆண்டுதோறும் தம்பி அங்கே திதி கொடுக்கிறான். சென்ற ஆண்டு வண்டி ஓட்ட நாமே வருகிறோம் என்று சொன்னோம். அம்மா சற்றுநேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப நாலரைக்கே கெளம்பணும்" என்றார். கடற்கரையில் தம்பி இலை விரித்தான். நாம் அதில் கை வைக்கவில்லை; அவர்களும் வைக்கச் சொல்லவில்லை. அம்மா நீரில் இறங்குமுன் செருப்பைக் கழற்றி, கீழே வைக்காமல், நம்மிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு, அலை காலைத் தொடும் இடத்தில், அவருக்கு இரண்டடி பின்னால் நின்றோம்.