நடுவில் ஒரு கோடு

மலேசியாவில் விற்கும் குவீன் அளவு மெத்தையின் அகலம் 152 சென்டிமீட்டர். ஆளுக்குப் பாதி என்றால் 76. ஒருவர் மட்டும் படுக்கும் சிங்கிள் மெத்தையின் அகலமோ 91. கல்யாணமான அன்றிலிருந்து ஆளுக்கு 15 சென்டிமீட்டரை விட்டுக்கொடுத்துத்தான் படுக்கிறோம். இதை யாரும் சொல்வதில்லை. 'ரெண்டு பேர்தானே, குவீன் போதும்' என்றுதான் சொல்கிறார்கள்.

நாங்கள் காஜாங்கில் வாடகைக்கு இருக்கிறோம். என் எடை 92 கிலோ, அவள் 51. எனக்கு எப்போதும் வேர்க்கும். அவளுக்கு ஏர்கோன் ஒத்துக்கொள்ளாது. ஒரு மணி நேரத்தில் மூக்கடைத்துவிடும். ஆக, காத்தாடிதான். வீட்டுக்காரர் விட்டுப்போன மெமரி ஃபோம் மெத்தையில் என் பக்கம் பள்ளமாகி, அவள் தூக்கத்திலேயே என் மேல் உருண்டு வருவாள். முதல் சில மாதங்கள் அதை இருவருமே அன்பு என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் பக்கத்தில் ஆள் இருக்காது. ஹாலில் டைல்ஸ் தரையில், தலையணையை மட்டும் வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். "கோவமா?" என்று கேட்டால், "இல்ல, புழுங்குது" என்பாள். ஒரு வருடம் போனதும், அந்த 'புழுங்குது'வுக்குள் வேறு என்னவெல்லாம் இருக்கிறதோ என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். புது மெத்தை வாங்கலாம் என்று முடிவெடுத்தது அப்போதுதான்.

சுங்கை பூலோவில் தளவாடக் கடைகள் நிறைய. ஒரு கடையில் விற்பனையாளர் என் உள்ளங்கையைப் பிடித்து மெத்தையின் மேல் வைத்தார். ஜில்லென்று இருந்தது. "கூலிங் ஜெல்" என்றார். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். கட்டடங்களுக்குக் காற்றோட்டக் கணக்குப் போடுவதுதான் வேலை. தொட்டவுடன் ஜில்லென்று இருப்பதும் விடியும்வரை குளிர்ச்சியாக இருப்பதும் வேறு வேறு. காலையில் இரும்பு கேட்டையும் மரக்கதவையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். இரும்பு கையின் சூட்டை வேகமாக இழுப்பதால் குளிர்வதுபோல் தெரிகிறது. ஜெல்லும் அப்படித்தான். தூங்கும் உடல் ஏறத்தாழ 70 வாட் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. இருவர் என்றால் 140. ஜெல் ஓரளவுதான் வாங்கிக்கொள்ளும். உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. கடையில் நாம் படுத்துப் பார்ப்பது ஐந்து நிமிடம், அதுவும் ஏர்கோனில்.

மெத்தை குளிரை உண்டாக்காது. சூடு போவதற்கு வழி விடுகிறதா, அடைக்கிறதா என்பதுதான் கேள்வி. நம்மூர் ஈரப்பதத்தில் காற்று ஓடினால்தான் வேர்வை காயும். மெமரி ஃபோம் சூடு பட்டதும் இளகி, உடம்போடு ஒட்டி, காற்று போகும் இடத்தை மூடிவிடும். ஸ்பிரிங் மெத்தைக்குள் பெரும்பகுதி வெற்றிடம். லேடெக்ஸ் மெத்தையில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அவை தூங்குபவருக்காகப் போடப்பட்டவை அல்ல. அச்சில் ஊற்றிய ரப்பர் பால் நுரை உள்வரை சமமாக வேக வேண்டுமே, அதற்காக அச்சில் இருக்கும் உலோக ஊசிகள் விட்டுப்போன தடம். அது நமக்குக் காற்று வழியாக அமைந்துவிட்டது.

அவள் அந்த லேடெக்ஸ் மெத்தையில் முகத்தை வைத்து மோந்தாள். "எங்க பாட்டி வீட்டு வாசம்" என்றாள். பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமும் இதே சுங்கை பூலோவில்தான் இருந்தது. அந்த நிலத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம். பாட்டி கடைசிவரை பாயில்தான் படுத்தாராம். நான் வருத்தப்படுவதற்குள் அவளே சொன்னாள்: "பாயிதான் சில்லுனு இருக்கும். அவங்களுக்குத் தெரியும்."

லேடெக்ஸ் அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அதில் இடுப்பு அமுங்கியது. கெட்டியான ஸ்பிரிங்தான் சரிப்பட்டது. விற்பனையாளர் நடுத்தரமாக ஒன்றைக் காட்டினார். அது இருவருக்குமே பிடிக்கவில்லை. "ஏன் ஒரே மெத்தையா இருக்கணும்?" என்று கேட்டாள். 91ம் 91ம் 182. கிங் அளவுக் கட்டிலின் அகலம் 183. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "தனியா படுக்கறதுக்கு இல்ல. பக்கத்துலயே படுக்கறதுக்குத்தான் வழி பாக்குறேன்" என்றாள்.

இரண்டு சிங்கிள் மெத்தைகள் வாங்கினோம். இரண்டும் 8 அங்குல உயரம். உயரம் மாறினால் நடுவில் படி விழுந்துவிடும். கட்டிலின் அடியில் முழுப் பலகை இல்லை, இடைவெளி விட்ட சட்டங்கள். தண்ணீர் புகாத உறை இலவசம் என்றார்கள். உள்ளே பிளாஸ்டிக். அதைப் போட்டால் அத்தனை துளைகளும் வீண். வேண்டாம் என்றுவிட்டோம்.

அடுத்த மாதம் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அம்மா அறைக்குள் போன வேகத்தில் திரும்பினார். "என்னடா இது, நடுவுல கோடு? புருஷன் பொண்டாட்டி படுக்கிற கட்டிலாடா இது?" நான் 70 வாட் கணக்கைச் சொன்னேன். "ஒன் வாட்டெல்லாம் எனக்கு வேணாம்" என்றார்.

அப்பாவுக்குக் குறட்டை, அம்மாவுக்குப் புழுக்கம். பதினைந்து வருடமாக அப்பா ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறார். அறையில் ஒரே பெரிய மெத்தை, நடுவில் கோடு கிடையாது, அதில் அம்மா மட்டும். அதைப் பிரிவு என்று யாரும் சொன்னதில்லை. நம் வீடுகளில் சத்தம் போடாமல் விலகிக்கொள்ளலாம். ஒன்றாக இருப்பதற்காக வெளிப்படையாக ஒரு ஏற்பாடு செய்தால்தான் குறையாகத் தெரிகிறது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா அவள் பக்க மெத்தையை இரண்டு முறை கையால் அமுக்கிப் பார்த்தார். "இது என்ன வெல?" என்று மட்டும் கேட்டார்.

கிளம்பும்போது அம்மா மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டுக்கும் சேத்து ஒரே விரிப்பா போடும்மா, பாக்குறவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சரி என்றாள். போடவில்லை.

மூன்று மணிக்கு விழிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கையை நீட்டினால் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள்.