எட்டில் எஞ்சிய ஒரு கல்

ஆம்ஸ்டர்டாமின் ஹார்லெமர்டைக் இன்று ஒரு கடைவீதி. துணிக்கடைகளும் காபிக்கடைகளும் நிறைந்த இந்தத் தெரு, நகரத்துக்குள் கடல் புகாமல் தடுத்த பழைய கரை. கரையைக் கால்வாய் குறுக்கே வெட்டும் இடத்தில் ஏன்ஹோர்ன் மதகு இருக்கிறது. அதன் சுவரில் ஒரு வெள்ளைப் பளிங்குக் கல் பதிந்திருக்கிறது. அந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கல்லில் ஒரு கிடைக்கோடு வெட்டப்பட்டிருக்கிறது. உடன் பழைய டச்சு மொழியில் ஒரே ஒரு செய்தி: கடல் தடுப்புக் கரையின் உயரம், நகர நீர்மட்டத்துக்கு மேல் ஒன்பது அடி ஐந்து அங்குலம். அன்றைய ஆம்ஸ்டர்டாம் அடிக்கு 11 அங்குலம். நம் கணக்கில் சுமார் 2.68 மீட்டர். மன்னனின் மெய்க்கீர்த்தியோ கொடையாளியின் பெயரோ கிடையாது. ஒரு நகரம் உயிர் பிழைக்கத் தேவையான அளவு மட்டும் இருக்கிறது. நான் படித்த கல்வெட்டுகளில் இவ்வளவு சுருக்கமும் இவ்வளவு பொறுப்பும் சேர்ந்தது வேறில்லை.

இதற்குக் காரணமானவர் யோகான்னஸ் ஹுடே. சமன்பாடுகளின் இரட்டை மூலங்களைக் காணும் விதி அவர் பெயரால் வழங்குகிறது. 1672 முதல் பலமுறை நகரின் மேயராக இருந்தவர். 1675 நவம்பரில் புயல் வெள்ளம் கரைகளை உடைத்தது. கரை எங்காவது ஓரிடத்தில் ஒரு சாண் தாழ்ந்திருந்தாலும் மற்ற இடங்களில் உயர்ந்திருந்து பயனில்லை என்பது அப்போது தெளிவானது. எல்லா இடத்திலும் ஒரே உயரம் வேண்டும். அந்த உயரத்தை யாரும் மாற்றிச் சொல்ல முடியாதபடி நிலைநிறுத்தவும் வேண்டும். 1684 வாக்கில் எட்டு மதகுகளில் எட்டுக் கற்கள் பதிக்கப்பட்டன.

கடல்மட்டத்தின் பூஜ்ஜியத்தையே ஹுடே கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'நகர நீர்மட்டம்' என்பதை எல்லோரும் அறிந்த ஒன்றாகவே கல் குறிப்பிடுகிறது. அது என்ன என்று விளக்கவில்லை. புழக்கத்தில் இருந்த அளவை அழியாமல் காத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். அது கடலின் சராசரி மட்டமும் அன்று. ஏய் என்ற நீர்ப்பரப்பில் கோடைக்காலத்தில் அலையேற்றம் தொடும் உயரத்தின் சராசரி. 1818-ல் அரசாணை அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. 1879-ல் பிரஷ்யாவும் தன் உயரங்களை அதிலிருந்தே கணக்கிட்டது.

இந்தக் கல் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால்தான் டச்சு நீர் வரலாற்றின் கசப்பு தெரியும். அந்தக் கரையோர நிலம் இயல்பாகவே கடலுக்குக் கீழே கிடந்ததில்லை. இடைக்காலத்தில் குடியேறியவர்கள் கரிச்சேற்று நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். நீர் ஊறிய பஞ்சைப் பிழிந்தால் சுருங்குவதுபோல் நிலம் சுருங்கியது. காற்றுப் பட்ட கரிச்சேறு மட்கிக் கரைந்தது. நிலம் தாழத் தாழக் கரையை உயர்த்தினார்கள். நீரை மேலே ஏற்றக் காற்றாலை வந்தது, பிறகு நீராவி இயந்திரம், பிறகு மின்பம்பு. ஒவ்வொரு கருவியும் இன்னும் ஆழமாக வடித்தது; நிலம் இன்னும் தாழ்ந்தது. நாட்டின் கால்பங்கு இன்று கடல்மட்டத்துக்குக் கீழே. கரிச்சேற்று மேய்ச்சல் நிலங்கள் இப்போதும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தாழ்கின்றன; மட்கும் சேற்றிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது.

கல் அளந்த கடலும் இப்போது அங்கே இல்லை. 1872-ல் ஓரானிய மதகுகள் ஏய் நீரைக் கிழக்கே அடைத்தன. 1932-ல் பெரிய தடுப்பணை சொய்டர் கடலையே ஏரியாக்கியது. அலையேற்றம் நின்றுபோனது. அளவு மட்டும் நின்றது. இன்றும் அந்த நாட்டில் கரையோ பாலமோ கட்டும் பொறியாளர் உயரத்தை அந்தப் பூஜ்ஜியத்திலிருந்துதான் சொல்கிறார்.

இத்தனை பெருமையுள்ள எட்டுக் கற்களில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். மற்ற ஏழும் போய்விட்டன. கடலோடு போராடிய கதையை உலகுக்கெல்லாம் சொல்லும் ஒரு தேசம், அந்தப் போராட்டத்தின் அளவுகோலைக் காக்கத் தவறியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நகர மன்றக் கட்டடத்தில் அதே பூஜ்ஜியத்தைக் குறிக்க 1988-ல் வைத்த வெண்கலக் குமிழைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். குமிழ் வைத்ததில் தவறில்லை. ஆனால் மூலக்கல்லைத் தேடிப் போகிறவரால்தான் கண்டுபிடிக்க முடியும் என்ற நிலை தவறு. காற்றாலைகள் அழகானவை, அவற்றுக்கு ஆதரவாளர்கள் ஏராளம். கையகலக் கோடு தாங்கிய கல்லுக்கு ஆளில்லை.

ஆம்ஸ்டர்டாம் செல்பவர்கள் கிண்டர்டைக் காற்றாலைகளுக்குப் புறப்படும் முன் இந்த மதகுக்கு ஒருமுறை போய்வாருங்கள். கோட்டின் உயரத்தையும் கீழே கால்வாய் நீரின் மட்டத்தையும் மாறி மாறிப் பாருங்கள். மனிதன் தன் கையாலேயே தாழ்த்திக்கொண்ட நிலத்தில் எத்தனை உயரத்துக்குக் கரை கட்டிப் பிழைக்க வேண்டியிருந்தது என்பது புரியும். மிச்சமிருக்கும் ஒரு கல்லையாவது அந்த நகரம் காக்க வேண்டும்.